விவிட் சிட்னி: ஒரே ஒரு மாலை, ஐந்து பேர், எந்தக் கரை?

மே மாதம் பாதி தாண்டினால் சிட்னியில் வருஷா வருஷம் நடக்கும் விவிட் ஒளித்திருவிழாவைப் பற்றி எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "விவிட்டுக்கு எப்ப மச்சான் போறம்?" கேட்பவன் யாழ்ப்பாணத்துக்காரன், மேற்குப் புறநகர் டூங்காபியில் இருக்கிறான். "எப்பங்கிறது பெரிய விஷயமில்ல, எப்படிப் போறதுன்னு முதல்ல பேசு" என்று மதுரைக்காரன் பதில் போடுவான். அதற்கப்புறம் நாற்பது மெசேஜ் ஓடும். கடைசியில் எதையும் முடிவு செய்யாமல் சனிக்கிழமை ஏழு மணிக்குத் துறைமுகத்தை ஒட்டிய சர்குலர் கீ ஸ்டேஷனில் போய் இறங்குவோம். கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் சிதறுவோம். ஒருவரையொருவர் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும். இரண்டு விளக்கைப் பார்த்துவிட்டு, கால் வலியோடு வென்ட்வொர்த்வில் ரயிலைப் பிடிப்போம்.

பல வருஷம் இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்து, எது யாருக்குச் சரிப்படும் என்று எனக்கு இப்போது ஒரு கணக்கு பிடிபட்டிருக்கிறது. இந்த வருஷம் உங்கள் வீட்டிலும் இதே வாக்குவாதம் ஓடினால், இது உதவலாம்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. விவிட் 2009-இல் தொடங்கியது. அந்த முதல் வருஷம் ஓப்பரா ஹவுஸ் கூரையில் ஒளி ஓவியம் போட்டவர் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. கோவிட் காரணமாக 2020, 2021 இரண்டு வருஷமும் நடக்கவில்லை. இப்போதெல்லாம் மே கடைசியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை 23 இரவுகள், மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை. தெருவில் இருக்கும் ஒளிச் சிற்பங்களுக்கும் கட்டட ஒளிக்காட்சிகளுக்கும் டிக்கெட் கிடையாது. இங்கே அது குளிர்காலத் தொடக்கம். ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். ஊரில் அக்னி நட்சத்திரத்தில் வெந்துவிட்டு விசிட்டர் விசாவில் வந்திறங்கும் அம்மா அப்பாவை அப்படியே அழைத்துப் போனால், துறைமுகக் காற்றில் பத்து நிமிஷத்தில் "வீட்டுக்குப் போலாமாப்பா" என்பார்கள். குல்லாயும் கழுத்துக்கு மஃப்ளரும் இல்லாமல் யாரையும் கிளப்பாதீர்கள்.

எந்தக் கரை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் ஒரு சின்ன விஷயத்தில் இருக்கிறது. ஓப்பரா ஹவுஸ் மேல் விழும் படம் எங்கிருந்து வருகிறது? கட்டடத்துக்குள்ளிருந்து இல்லை. சர்குலர் கீ குடாவுக்கு எதிர்ப்பக்கம், பெரிய சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கும் ஓவர்சீஸ் பாசஞ்சர் டெர்மினல் இருக்கிறதே, அதன் மேலிருந்து புரொஜெக்டர்கள் தண்ணீரைத் தாண்டி ஒளியை அடிக்கின்றன. அப்படியென்றால் படம் விழுவது கூரையின் மேற்குப் பக்கத்தில். மேற்கே நின்றால்தான் முழுசாகத் தெரியும். கிழக்கே போனவர்களுக்கு ஓப்பரா ஹவுஸின் முதுகுதான்.

இது தெரியாமல் ஏமாறுபவர்கள் நிறைய. சிட்னி போஸ்ட் கார்டு எல்லாம் மிஸஸ் மக்வாரிஸ் பாயிண்டில் எடுத்தவை. ஹார்பர் பாலமும் ஓப்பரா ஹவுஸும் ஒரே சட்டகத்துக்குள் விழும் இடம். "ஃபோட்டோவுக்கு அதுதான் பெஸ்ட்" என்று யாராவது சொல்வார்கள், பகலில் அது உண்மையும்தான். விவிட் இரவில் அங்கே நின்றால் பாலத்தின் விளக்கும் நகரத்தின் மினுக்கமும் கிடைக்கும், வந்த காரியம் நடக்காது. எங்கள் மதுரைக்காரன் ஒரு முறை ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டு, எங்களுக்கு "படம் இன்னும் போடல போல" என்று மெசேஜ் அனுப்பினான். நாங்கள் எதிர்க்கரையில் மூன்றாவது தடவையாக அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

அடுத்தது எல்லாரும் செய்வது. சர்குலர் கீயில் இறங்கி அப்படியே நடப்பது. இதில் நல்லது இல்லாமல் இல்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கஸ்டம்ஸ் ஹவுஸ். 1840-களில் கட்டிய சுங்கக் கட்டடம். அதன் முகப்பு முழுக்கப் படம் ஓடும். மேற்கே திரும்பினால் நவீனக் கலைக்கூடத்தின் முகப்பு. தண்ணீர்க்கரைக்கு வந்தால் தூரத்தில் ஓப்பரா ஹவுஸ். ஐந்து நிமிஷ நடைக்குள் மூன்று பெரிய சுவர்கள். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, அலுவலகம் முடிந்து நேராக வருகிறேன் என்பவர்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் ஐந்து பேர் சேர்ந்து போவதற்கு இது சரிவராது. வெள்ளி, சனி இரவுகளில் கூட்டத்தை ஒரே திசையில் நடக்க விடுவார்கள். தவறவிட்டதைத் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. பக்கத்தில் நடப்பவரோடு பேச முடியாது. பின்னால் வருகிறவரின் ப்ராம் சக்கரம் குதிகாலில் இடிக்கும். சாலைகளை மூடிவிடுவதால் கார் யோசனையே வேண்டாம். நண்பர்களோடு போவதே அரட்டைக்குத்தானே. ஒரு சிற்பத்துக்கு முன்னால் நின்று, "இது என்னடா, பலாப்பழமா?" என்று கேட்கவும், அதற்கு ஒருவன் பெரிய விளக்கம் கொடுக்கவும், மற்றவர்கள் அதைக் கலாய்க்கவும் நேரமும் இடமும் வேண்டாமா?

எந்த நாள் என்பதும் இங்கேதான் வருகிறது. திங்கள் முதல் புதன் வரை ஏதாவது ஒரு நாள் போங்கள், அதுவும் முதல் வாரத்தில். ஜூன் இரண்டாவது திங்கள் மன்னர் பிறந்தநாள் விடுமுறை. அந்த நீண்ட வார இறுதியில் மட்டும் நகரத்தின் பக்கம் தலைவைக்காதீர்கள். 2024-இல் ட்ரோன் காட்சிக்காகத் திரண்ட கூட்டம் கைமீறிப் போய், பாதுகாப்புக் கருதி 2025-இல் ட்ரோன் காட்சியையே எடுத்துவிட்டார்கள். மழை நாளை யாரும் விரும்புவதில்லை, எனக்கென்னவோ அதுதான் பிடிக்கும். தூறலில் ஒளிக்கற்றை காற்றிலேயே தெரியும். தரை நனைந்திருந்தால் ஒவ்வொரு விளக்கும் இரண்டாகும். கூட்டமும் பாதியாகிவிடும். குடை மட்டும் வேண்டாம், பின்னால் நிற்பவர் சபிப்பார். மழைக்கோட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

காசு கட்டிப் போகும் படகைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் "இந்தத் தடவை டின்னர் க்ரூஸ் போட்டுடலாமா" என்பார்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நண்பர்களோடு. சாப்பாடு வந்த நேரத்தில் ஓப்பரா ஹவுஸ் கடந்துபோனது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் எங்கள் மேசை விளக்கின் பிரதிபலிப்புதான் தெரிந்தது. மேல்தளத்துக்கு ஓடினோம், படகு அதற்குள் திரும்பிவிட்டது. இரண்டாம் முறை மாமனார் மாமியாரோடு போனது அருமையாக இருந்தது. அவர்களால் நடக்க முடியாது, நிற்க முடியாது. சூடான அறையில் உட்கார்ந்து நகரமே மெல்லச் சுழல்வதைப் பார்த்தார்கள். மாமியார் இன்றைக்கும் ஊரில் எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறார். வயதானவர்கள் கூட இருந்தால் படகு செலவு வீணில்லை. நம் வயசுக் கூட்டத்துக்கு அந்தக் காசில் நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிடலாம்.

சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் பாரங்கரூ, டார்லிங் ஹார்பர் பக்கம் போகலாம். அகலமான நடைபாதை, ப்ராம் தள்ள வசதி, கழிப்பறை கிட்ட. தொட்டால் நிறம் மாறுவது, குதித்தால் எரிவது மாதிரியான சிற்பங்களை எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று அந்த வருஷ வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டரைக்குள் பிள்ளை தூங்கிவிடும், அதோடு உங்கள் விவிட் முடிந்தது.

சரி, எங்கள் ஐந்து பேருக்கு? துறைமுகத்தின் வடகரை.

இதைக் கண்டுபிடித்தது நானில்லை, என் சோம்பல். ஒரு புதன்கிழமை வென்ட்வொர்த்வில்லில் ரயில் ஏறித் தூங்கிவிட்டேன். வின்யார்டில் இறங்க வேண்டியவன், கண் விழித்தபோது ரயில் ஹார்பர் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. மேற்குப் புறநகரிலிருந்து வரும் அதே டி1 ரயில்தான் நகரத்தைத் தாண்டி, பாலத்தின் மேல் ஏறி, வடக்கே போகிறது. பாலம் முடிந்த உடனே மில்சன்ஸ் பாயிண்ட். பரமட்டா, வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில் என்று நம் ஆட்கள் இருக்கும் இடங்களிலிருந்து ரயில் மாறாமல் வந்துவிடலாம். அன்றைக்கு அசடு வழிய இறங்கி, திரும்பிப் போக வண்டிக்குக் காத்திருக்கப் பிடிக்காமல், பாலத்தின் மேலேயே நடந்து திரும்பினேன். அதற்கப்புறம் வேறு வழியில் போகவில்லை.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பாலத்தின் நடைபாதைக்குப் படிக்கட்டு. கிழக்கு ஓரம் நடப்பவர்களுக்கு, மேற்கு ஓரம் சைக்கிள்களுக்கு. கட்டணம் இல்லை. நீங்கள் தெற்கு நோக்கி நடக்கும்போது இடது கைப்பக்கம், கீழே, ஓப்பரா ஹவுஸ். முதலில் ஒரு ஓரமாகத்தான் தெரியும். பாலத்தின் நடுவுக்கு வர வர அந்த மேற்கு முகம் உங்கள் பக்கமாகத் திரும்பிக்கொண்டே வரும். ஒரு படம் எத்தனை கோணத்தில் இருக்க முடியும் என்பதைக் காலால் பார்ப்பது போல. அதன் ஓடுகள் பத்து லட்சத்துக்கும் மேல், சுவீடனில் செய்தவை. முழு வெள்ளை இல்லை. பளபளப்பான வெள்ளையும் மங்கிய பாலாடை நிறமும் கலந்தது. அதனால்தான் எந்த நிறத்தை அடித்தாலும் கண்ணைக் கூசாமல் ஏற்றுக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு குறை உண்டு. நடைபாதையின் ஓரத்தில் உயரமான கம்பிவேலி. ஃபோனைக் கம்பி இடைவெளியில் சரியாக வைத்தால்தான் படம் வரும். மதுரைக்காரன் இதற்காகவே வடகரையை எதிர்க்கிறான். அவனுக்கு என் பதில்: பாலத்தில் ஃபோட்டோ எடுக்காதே, பார். ஃபோட்டோவுக்கு அடுத்த இடம் இருக்கிறது. இந்தப் பதில் இதுவரை அவனிடம் எடுபடவில்லை.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. பாலத்திலிருந்து பார்க்கும்போது எல்லா வருஷமும் ஒன்றுபோல் இருக்காது. 2024-இல் ஜூலியா கட்மன் என்ற ஓவியர். பழைய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து உருவங்கள் செய்கிறவர். அந்தத் தையலும் நூல் பிசிறும்தான் அவர் வேலையின் உயிர். பாலத்தின் மேலிருந்து எனக்கு வெறும் நிறத் திட்டுகளாகத்தான் தெரிந்தது. கீழே கேம்பல்ஸ் கோ என்ற சின்னக் குடாக்கரைக்கு வந்தபின்தான் பிரமித்தேன். அடுத்த வருஷம், 2025-இல், மறைந்த கலைஞர் டேவிட் மெக்டியர்மிட்டின் படைப்புகள். பளீரென்ற வானவில் நிறங்கள், பெரிய பெரிய வடிவங்கள். அது தூரத்திலேயே நின்றது, பாலத்தின் மேல் யாரும் நகரவில்லை. அந்த வருஷம் கூரையில் யாருடைய வேலை என்று முன்கூட்டியே பார்த்துவிட்டால், பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, கீழே எவ்வளவு நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். பெரிய கூரைக்குத் தூரம் வேண்டும், கைவேலைக்குக் கிட்டம் வேண்டும். பாலத்து வழியில் முதலில் தூரம், பிறகு தானாகவே கிட்டம். சர்குலர் கீ வழியில் எடுத்ததுமே எல்லாம் ஒன்றாக முகத்தில் அடிக்கிறது.

தெற்குப் பக்கம் இறங்குவது கம்பர்லண்ட் தெருவில். அங்கிருந்து ஆர்கைல் கட் வழியாகக் கீழே வாருங்கள். பாறையைக் குடைந்த சாலை அது. 1843-இல் கைதிகளை வைத்து உளியால் வெட்டத் தொடங்கியது. சுவரில் உளித்தடம் இன்னும் தெரியும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு கொத்தும் எழுந்து நிற்கும். சுற்றி இருக்கும் எந்த நவீனச் சிற்பத்தை விடவும் எனக்கு அந்தச் சுவரில்தான் கண் போகும். யாழ்ப்பாணத்துக்காரன் ஒருமுறை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எத்தன பேர் மச்சான் இதுக்குள்ள கஷ்டப்பட்டிருப்பினம்" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதற்கும் முந்தைய கதை ஒன்று அந்த மண்ணுக்கு இருக்கிறது. இது கடிகல் என்ற பூர்வகுடி மக்களின் இடம். ஓப்பரா ஹவுஸ் நிற்கும் முனைக்கு அவர்கள் வைத்த பெயர் டுபோகுலே. 2016-இல் ஆறு பூர்வகுடிக் கலைஞர்களின் ஓவியங்கள் அந்தக் கூரையில் ஓடின. நான் விவிட்டில் பார்த்தவற்றில் இன்னும் கண்ணுக்குள் இருப்பது அதுதான். புள்ளியும் கோடுமாக அந்தக் கூரையே பழைய நிலமாகிப் படுத்துக்கொண்டது போல. கோலம் போட்டுப் பழகிய கைக்காரர்கள் பக்கத்தில் நின்றால், ஒரு வார்த்தையும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மனைவி விரலால் காற்றில் அந்தப் புள்ளிகளை இணைத்துக்கொண்டிருந்தாள்.

கேம்பல்ஸ் கோ கரையில் தண்ணீர் ஓரமாக இடம் பிடித்து ஒரு முழுச் சுற்று பாருங்கள். படம் சில நிமிஷத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அதனால் எதையும் தவறவிடுவோம் என்ற பதற்றம் வேண்டாம். ஃபோட்டோக்காரர்களை இங்கே அவிழ்த்து விடலாம். ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம், முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் கூரைக்கு உங்கள் ஃபோன் ஃப்ளாஷ் போய்ச் சேராது. முன்னால் நிற்பவரின் வழுக்கைதான் மின்னும். அப்புறம் கூட்டத்தோடு கலந்து நவீனக் கலைக்கூடம், கஸ்டம்ஸ் ஹவுஸ் என்று போகலாம். அதற்குள் மணி ஒன்பது தாண்டியிருக்கும், குடும்பங்கள் கிளம்பியிருக்கும்.

எங்கள் குழுவில் ஐந்தாவது ஆளுக்கு முழங்கால் பிரச்சினை. பாலத்தில் ஏற லிஃப்ட் இருக்கிறது, ஏறிவிடலாம், அவ்வளவு தூரம் நடப்பதுதான் சிரமம். அவருக்காக ஒரு மாற்று வழி. மில்சன்ஸ் பாயிண்டில் இறங்கி, சரிவில் லூனா பார்க் பக்கம் போனால் படகுத்துறை. அங்கிருந்து அரசு ஃபெர்ரி, ரயிலுக்குத் தட்டும் அதே ஓபல் பயண அட்டையைத் தட்டினால் போதும். துறை பாலத்துக்கு மேற்கே இருப்பதால், ஃபெர்ரி பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வரும்போது ஓப்பரா ஹவுஸ் முழுசாகத் திறக்கும். அடுத்த சில நிமிஷத்தில் சர்குலர் கீ. க்ரூஸ் காரர்கள் மணிக்கணக்கில் காட்டுவதில் சிறந்த பகுதியை, சாதாரண டிக்கெட்டில் பார்த்த மாதிரி. முன் தளத்தில் வெளியே நிற்க வேண்டும், உள்ளே உட்காரக் கூடாது. போன வருஷம் நாங்கள் நால்வர் பாலத்தில் நடந்தோம், அவர் மட்டும் ஃபெர்ரியில் வந்தார். எங்களுக்கு முன்னாலேயே கேம்பல்ஸ் கோவுக்குப் போய் நல்ல இடம் பிடித்து வைத்திருந்தார். பாலத்தின் மேலிருந்து டார்ச் அடித்துக் காட்டினோம், அவர் பார்த்தேன் என்றார். சும்மா சொன்னார் என்பது மதுரைக்காரனின் கட்சி.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒன்றுதான் சொல்வேன். அங்கே வரிசையில் நிற்கும் நேரத்தில் மூன்று சிற்பம் பார்க்கலாம். ஃபிளாஸ்கில் இஞ்சி டீ, பையில் முறுக்கு, எலுமிச்சை சாதம். கேம்பல்ஸ் கோவின் கல்விளிம்பில் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவைத் திறந்தால், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு கொரியத் தம்பதிக்கு முறுக்கு கொடுத்தோம், அவர்கள் எங்கள் ஐந்து பேரையும் சேர்த்து ஒரே படத்தில் எடுத்துத் தந்தார்கள். பத்து வருஷத்தில் ஐவரும் இருக்கும் விவிட் படம் அது ஒன்றுதான்.

திரும்பும்போது சர்குலர் கீ ஸ்டேஷன் வாசலில் போய் நிற்காதீர்கள். ஜார்ஜ் தெரு வழியாகப் பத்து நிமிஷம் மேலே நடந்தால் வின்யார்ட். அங்கே டி1 கிடைக்கும், வெஸ்ட்மீட் பக்கம் போகிறவர்களுக்கு மாற வேண்டியதுமில்லை. உட்கார இடம் கிடைத்தால் யாராவது ஒருவர் முழித்திருங்கள். போன முறை ஐந்து பேரும் தூங்கி, பிளாக்டவுனில் எழுந்தோம்.